இடாப்பில் ஹபீலாவின் பெயர்

786

கெலிஓயா,
22.10.1936

கண்ணான மகன் பாயிஸுக்கு உம்மா றம்லத் எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் மூன்று பேரும் இங்கே சுகமாக இருக்கிறோம், அதே சுகத்தைச் சிங்கப்பூரில் உனக்கும் குறைவில்லாமல் தரவேண்டும் என்று ஐந்து நேரமும் அவனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் கடிதமும் அதற்குள் வைத்திருந்த படமும் கிடைத்தன, படத்தில் உன் கழுத்தெலும்பு தெரிகிறது, கடையில் நின்றபடியே அவசரமாகச் சாப்பிடுகிறாய் போல, எத்தனை வேலை இருந்தாலும் இருந்து சாப்பிடு. வாப்பாவுக்குப் பாண் சுடுகிற போறணைச் சூடு பட்டு வலது கையில் கொப்புளம் போட்டிருந்தது, இப்போது ஆறிவிட்டது. பராத் இரவுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது, ரொட்டிக்குச் சொல்ல வருகிறவர்கள் இப்போதே நம் பேக்கரி வாசலில் நிற்கிறார்கள். மத்தியானம் திரும்பினால் மழை, மூன்று நாளாகத் துவைத்த துணி ஒன்றும் காயவில்லை. இதெல்லாம் நான் எப்போதும் எழுதுகிறதுதான். இன்றைக்கு சுபஹு தொழுத கையோடு பேனையை எடுத்தது வேறு விஷயத்துக்கு, உன் தங்கை ஹபீலாவின் விஷயம், ஒரு கிழமைக்கு மேலாக அதை நெஞ்சுக்குள் வைத்திருக்க முடியாமல் தவிக்கிறேன். இதற்கு முன் இரண்டு தரம் எழுத இருந்தேன், இரண்டு தரமும் யாராவது வந்து அந்தக் கதையைக் கேட்க, வாயால் சொல்லி முடித்துவிட்டுக் கடிதத்தை மறந்துபோனேன். இன்றைக்குக் கதவைச் சாத்திவிட்டு எழுதுகிறேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஹபீலா பள்ளிக்கூடம் போகிறாள் என்று போன வருடம் ஒற்றை வரியில் உனக்கு எழுதினேன், எப்படிப் போகிறாள் என்று எழுதவில்லை, நீயும் அவள் வெறுமனே மற்றப் பிள்ளைகளோடு போய் இருந்துவிட்டு வருகிறாள் என்றுதான் நினைத்திருப்பாய். எந்த நாளும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் எழுதவில்லை. ஐந்து வயதில் அந்தக் காய்ச்சல் வந்தபோது அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கண்டி ஆஸ்பத்திரிக்கு ஓடியது நீதான், காய்ச்சல் விட்டது, காது போய்விட்டது என்று டாக்டர் சொன்னபோதும் நீதான் பக்கத்தில் நின்றாய். நீ கப்பல் ஏறின பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா, வீட்டுக்கு ஆட்கள் வந்தால் அவளைப் பின்பக்கம் அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவேன். அவள் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக உரத்து, சொற்கள் உடைந்து, கேட்கிறவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அவளுக்காகத்தான் மறைக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது அவளுக்காக இல்லை, எனக்காகத்தான் என்று விளங்க எனக்கு இரண்டு வருடம் எடுத்தது.

விளங்க வைத்தவள் செசிலியா ரீச்சர். போன வருடத் தொடக்கத்தில் இங்கே உள்ள தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவள், வேதக்காரப் பெண், இருபத்தைந்து வயதுகூட இராது, ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கிழவியம்மாவோடு குடியிருக்கிறாள். பாண் வாங்க வந்த ஒரு நாள், பேக்கரிக்குள் ஹபீலா பிஸ்கட் தகரங்களை அடுக்கிக்கொண்டிருந்ததைக் கண்டாள். தகரத்தில் ஒட்டியிருக்கிற எழுத்துக்களை ஒன்றோடொன்று பார்த்து, ஒரே எழுத்துள்ளதை ஒரே வரிசையில் வைத்துக்கொண்டிருந்தாள், யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. இவ எந்த வகுப்பு என்று செசிலியா கேட்டாள். அவளுக்குக் காது கேட்காது என்று நான் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்து, “நான் காதைப் பற்றிக் கேக்கேல்லை அக்கா, வகுப்பைத்தான் கேட்டனான்” என்றாள். பாணைச் சுற்றிக் கொடுக்கவும் மறந்து நின்றேன். பிறகுதான் சொன்னாள், அவளுடைய தம்பியும் பிறவியிலேயே காது கேளாதவனாம், சின்ன வயதிலிருந்து அவனோடு வாயசைத்தும் கையசைத்தும் கதைத்துப் பழகியவளாம்.

அடுத்த கிழமையே ஹபீலாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய வாத்தியார் விவேகானந்தனை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவர், நல்ல மனிதர், ஆனால் எதற்கும் பயப்படுகிறவர், குடையைக்கூட மழை வருமுன்னே விரித்துக்கொண்டு நடப்பார். அவர் நெடுநேரம் யோசித்து, கொஞ்ச நாள் பார்ப்போம் என்று சொல்லி இடாப்பில் அவள் பெயரை எழுதிக்கொண்டார். மற்றப் பிள்ளைகளின் பெயரெல்லாம் மையில் இருக்க இவளுடையதை மட்டும் பென்சிலால் எழுதினார். நான் கண்டேன். பென்சிலாலாவது எழுதினாரே என்று அன்றைக்கு எனக்கு அதுவே பெரிதாக இருந்தது.

முதல் மாதம் சுகமாகப் போனது என்று பொய் எழுதமாட்டேன். அவள் கதைக்கும்போது பிள்ளைகள் சிரித்தார்கள், ஒருத்தியைக் கையில் கடித்துவிட்டாள், இரண்டு தரம் பின்வாசலால் ஓடி வீட்டுக்கு வந்துவிட்டாள். செசிலியா ஒவ்வொன்றாக மாற்றினாள். யன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி நின்றுகொண்டு படிப்பித்தாள், கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு ஒரு சொல்லும் பேசமாட்டாள், எழுதி முடித்துத் திரும்பித்தான் வாய் திறப்பாள். வகுப்பில் யார் கதைப்பதென்றாலும் முதலில் கையை உயர்த்தவேண்டும், அப்போதுதான் ஹபீலா அந்தப் பக்கம் திரும்பமுடியும். பக்கத்தில் அழகம்மா என்ற பிள்ளையை வைத்தாள், பக்கத்துத் தோட்டத்தில் கங்காணியாக இருக்கிற இராமையாவின் மகள், எட்டு வயது, அரைப்படி வாய். அந்தப் பிள்ளைக்குப் பேசாமல் இருக்கவே முடியாது, ஹபீலாவோடு பேசவேண்டுமென்றால் வாயை நன்றாகத் திறந்து, கையால் காட்டி, திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும், அது அவளுக்கு ஒரு கரைச்சலே இல்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து பாடத்துக்கு, பசிக்கு, பெரிய வாத்தியாருக்கு, மழைக்கு என்று எல்லாவற்றுக்கும் கையில் ஒரு சாடை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். பெரிய வாத்தியாருக்குக் குடை பிடிப்பதுபோல் ஒரு சாடை, அது அவருக்குத் தெரியாது, நீயும் சொல்லிவிடாதே.

ஒரு நாள் சிலேட்டில் அவள் எழுதிக்கொண்டு வந்ததைப் பார்த்து நானும் வாப்பாவும் சிரித்த சிரிப்பை எழுதினால் நீயும் சிரிப்பாய். “என் வாப்பா மான் சுடுகிறவர்” என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் கொம்போடு ஒரு மான், கீழே போறணை. கண்ணாடிக்கு முன்னால் நின்று நீயே பாண் என்றும் மான் என்றும் சொல்லிப் பார், உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரித்தான் மூடித் திறக்கும். அன்றிலிருந்து செசிலியா அந்த இரண்டு எழுத்துக்கும் மூக்கைத் தொட்டும் கன்னத்தைத் தொட்டும் வேறுபாடு காட்டுகிறாள். பள்ளிக்கூடத்துக்குத் தகரக் கூரை, மழை பிடித்தால் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது, முன்பெல்லாம் மழை நேரத்தில் பாடத்தை நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பார்களாம். செசிலியாவின் வகுப்பில் மட்டும் பாடம் நடந்தது, ஏனென்றால் அவள் சொல்வது ஹபீலாவுக்கு விளங்கியது, ஹபீலாவுக்கு விளங்குகிறது தங்களுக்கு விளங்கவில்லையே என்று மற்றப் பிள்ளைகளும் செசிலியாவின் வாயையும் கையையும் பார்க்கப் பழகிவிட்டார்கள். இப்படியே ஒன்றே முக்கால் வருடம் போனது, இரண்டாம் வகுப்புக்கும் ஏறிவிட்டாள், வகுப்போடு செசிலியாவும் ஏறி வந்தாள்.

இந்த மாதத் தொடக்கத்தில் பெரிய வாத்தியார் வீட்டுக்கு வந்தார். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு தேத்தண்ணீரைத் தொடவே இல்லை. “அடுத்த செவ்வாய் இன்ஸ்பெக்டர் வாறார். புதுசாய் வந்திருக்கிறவர், கடும் கண்டிப்பாம். அண்டைக்கு ஒரு நாள் மட்டும் பிள்ளையை வீட்டில வைச்சிருங்கோ. அவர் ஏதும் கேட்டு இவ முழுசிக்கொண்டு நிண்டால் பள்ளிக்கூடத்துக்குக் கூடாது, பேரை வெட்டச் சொன்னால் பிறகு நான் என்ன செய்யிறது” என்றார். அவர் சொன்னதில் கள்ளம் இல்லை, அவளுக்கும் சேர்த்துத்தான் பயந்தார். வாப்பா உடனே தலையசைத்துவிட்டார், அவர் போன பிறகு என்னிடம், “அவர் செல்றது சரிதானே, ஒரு நாள்தானே” என்றார். நானும் சரி என்றேன் மகன். அதையும் எழுதவேண்டும்தானே. செசிலியா பெரிய வாத்தியாரோடு வாதாடிப் பார்த்து, வாய் திறக்கக்கூடாது என்று சொல்லப்பட்டதாகப் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

திங்கட்கிழமை பின்னேரம் ஹபீலா பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொண்டு வந்து என் மடியில் வைத்து, சிலேட்டைக் காட்டினாள். “செவ்வாய். எல்லோரும் வெள்ளைச் சட்டை.” கரும்பலகையில் இருந்ததைப் பார்த்து எழுதியிருக்கிறாள். எல்லோரும் என்ற சொல்லின் கீழே ஒரு கோடும் போட்டிருந்தாள், அது அவளே போட்டதா கரும்பலகையிலேயே இருந்ததா தெரியாது. நான் சட்டையைத் துவைத்து அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைத்தேன். செவ்வாய் காலையில் வாப்பா மாவுக்குச் சொல்ல ரயிலில் கண்டிக்குப் போய்விட்டார். அழகம்மா வழக்கம்போல் கூப்பிட வந்தாள், ஹபீலாவுக்கு இன்றைக்குச் சுகமில்லை என்று சொல்லி அனுப்பினேன். ஹபீலா வெள்ளைச் சட்டையோடு எனக்குப் பின்னால் நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுகமில்லை என்ற சொல் அவளுக்கு நன்றாகத் தெரியும். தன் நெற்றியைத் தானே தொட்டுப் பார்த்தாள், பிறகு என் கையைப் பிடித்து நெற்றியில் வைத்து, சூடு இல்லையே என்பதுபோல் என்னைப் பார்த்தாள். அழவில்லை. போய் வாசற்படியில் சிலேட்டோடு இருந்தவள் இருந்தவள்தான், காலைச் சாப்பாடும் இல்லை, மத்தியானச் சாப்பாடும் இல்லை. லுஹர் தொழுதேன், தொழுகையில் ஒரு ஆயத்தும் நேராக ஓதவரவில்லை. ஸலாம் கொடுத்து எழும்பினேன், முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டேன், குடையை எடுத்தேன், அவள் கையைப் பிடித்தேன். பசாரின் நடுவால் நான் அப்படி நடந்ததை உன் வாப்பா கண்டிருந்தால் அது நான்தான் என்று நம்பியிருக்கமாட்டார்.

பள்ளிக்கூட வாசலில் பெரிய வாத்தியார் எங்களைக் கண்டதும் அவர் முகம் சாம்பலாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் அதற்குள் இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டார், அதனால் அவருக்குச் சத்தம் போடவும் முடியவில்லை. ஹபீலா என் கையை விட்டுவிட்டு நேரே போய் முன் வாங்கில் தன் இடத்தில் இருந்தாள், அழகம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள். நான் வெளியே யன்னலடியில் கூரைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றேன், எனக்கு எல்லாம் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் தமிழ் ஆள்தான், உயரம், கறுப்புக் கோட்டு, மேலுதட்டை முழுக்க மூடிக் கீழுதட்டிலும் பாதிக்கு வந்து இறங்குகிற மீசை. சொல்வதெழுதல் என்று பாடப்புத்தகத்தை எடுத்து ஒரு வசனத்தைப் படித்தார். பிள்ளைகள் எல்லோரும் குனிந்து எழுத, ஹபீலா மட்டும் எழுதாமல் அவர் வாயையே பார்த்தாள், தலையைச் சரித்துப் பார்த்தாள், வாங்கில் எழும்பி எட்டிப் பார்த்தாள், கடைசியில் அவர் முன்னால் போய் நின்று தன் வாயைக் கையால் மூடிக் காட்டி, இல்லை என்று கையை ஆட்டினாள். என்ன இது, இந்தப் பிள்ளைக்கு என்ன என்று அவர் கேட்டார். அழகம்மா எழும்பி, கையை உயர்த்தி, “ஐயா, அவளுக்குக் காது கேக்காதுங்க. நீங்க பேசுறத வாயப் பாத்துத்தான் எழுதுவா. ஒங்க மீசை வாய மூடியிருக்குதுங்க, அதான் அவளுக்கு வெளங்கல” என்றாள்.

இன்ஸ்பெக்டர் தன் மீசையைத் தொட்டுப் பார்த்தார், பிறகு பெரிய வாத்தியாரிடம் திரும்பி, காது கேளாத பிள்ளையை எந்த ஏற்பாட்டில் இந்த வகுப்பில் வைத்திருக்கிறீர் என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டது. அதற்குமேல் மழை. அன்றைக்கு விழுந்ததுபோல் மழை இந்த வருடத்தில் விழவில்லை, தகரக் கூரையில் கல்லைக் கொட்டினதுபோல் இறங்கியது. இன்ஸ்பெக்டரின் மீசை அசைகிறது, சத்தம் இல்லை, பெரிய வாத்தியார் காதில் கையை வைத்துக்கொண்டு கிட்டப் போகிறார், அப்போதும் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் வகுப்பைப் பார்த்து மிச்ச வசனத்தைக் கத்திப் பார்த்தார், கழுத்து நரம்பு புடைத்தது, பிள்ளைகள் பேந்தப் பேந்த விழித்தார்கள். சலித்துப்போய்ப் புத்தகத்தை மூடினார். அப்போது செசிலியா முன்னால் வந்து கையை நீட்டி அந்தப் புத்தகத்தைக் கேட்டாள். அவர் கொடுத்தார். அவள் நான் நின்ற யன்னலுக்குப் பக்கத்தில் வெளிச்சம் படும்படி வந்து நின்று, ஒரு கையை உயர்த்தினாள். முப்பத்திரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் வசனத்தை முதலிலிருந்து வாயசைத்தாள், விரலால் கன்னத்தைத் தொட்டாள், கையை விரித்தாள், மடக்கினாள். முப்பத்திரண்டு தலையும் குனிந்து எழுதின. மறுபடி நிமிர்ந்தன, மறுபடி குனிந்தன. மழையைத் தவிர எனக்கு ஒன்றும் கேட்கவில்லை மகன், சிலேட்டுக் குச்சியின் கீச்சுச் சத்தம்கூட இல்லை, ஆனால் பாடம் நடந்துகொண்டிருந்தது. அந்த நேரம் அந்த அறையில் ஒன்றும் விளங்காமல் நின்றது இன்ஸ்பெக்டரும் பெரிய வாத்தியாரும்தான். கூரைத் தண்ணீர் என் தோளில் கொட்டுவதுகூடத் தெரியாமல் நான் நின்றேன், குடையை விரிக்க மறந்துவிட்டேன்.

மழை கொஞ்சம் விட்டதும் அவர் சிலேட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். “வேலன் வாழைப்பழம் பறித்தான். கிளி மரத்தில் ஏறி ஒளிந்தது.” இதுதான் வசனம். முக்கால்வாசிப் பிள்ளைகள் இரண்டு வரியையும் எழுதியிருந்தார்கள், ஆனால் வாழையை வாளையாக்கியும் ஒளிந்த கிளியை ஒழித்துக்கட்டியும் இருந்தார்கள். ஹபீலாவுக்கு அந்தப் பிழைகள் ஒன்றும் இல்லை. பறித்தான் என்பதை மட்டும் மறித்தான் என்று எழுதியிருந்தாள், வேலன் பாவம் வாழைப்பழத்தை மறித்துக்கொண்டு நின்றான். இதெப்படி என்று அவர் கேட்க, செசிலியா, “மற்றப் பிள்ளையள் சத்தத்தை நினைச்சு எழுதுவினம் ஐயா. அவவுக்குச் சத்தம் இல்லை, எழுத்தைப் பாத்தது பாத்தபடி மனசில வைச்சிருக்கிறா” என்றாள். பிறகு அவர் கண் யன்னலுக்கு வந்தது. நனைந்த கோழிபோல நின்ற என்னை உள்ளே கூப்பிட்டார். நீங்கள் தாயா என்றார், ஓம் என்றேன். கொழும்புப் பக்கத்தில் இப்படியான பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறதே, அங்கே அனுப்ப யோசிக்கவில்லையா என்று கேட்டார், மரியாதையாகத்தான் கேட்டார். அது நல்ல பள்ளிக்கூடம் என்று செசிலியாவே என்னிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியாது, “அனுப்பலாம் ஐயா, ஆனா அழகம்மாவயும் கூட அனுப்புவீங்களா” என்று கேட்டுவிட்டேன். அழகம்மா உடனே, எங்கப்பா விடமாட்டாருங்க என்றாள். அவர் மீசை அசைந்தது, அந்த மீசைக்குள் சிரித்தாரா என்று எனக்கும் விளங்கவில்லை.

அவர் இடாப்பை எடுத்துவரச் சொன்னார். பெயர்களை விரலால் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். பெரிய வாத்தியார் நிலத்தைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் கோட்டுப் பையிலிருந்து தன் பேனையை எடுத்து மூடியைக் கழற்றி இடாப்பின் மேல் வைத்துவிட்டு, தேத்தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். விவேகானந்தன் வாத்தியார் அந்தப் பேனையை எடுத்து, பென்சில் எழுத்தின் மேலேயே மையால் ஹபீலா தாஸிம் என்று எழுதினார். எழுதி முடித்து என்னிடம் வந்து, “நான் பயந்திட்டன் அம்மா. பிழை என்னிலதான்” என்றார். அவரிடம் எனக்குக் கோபம் இல்லை, அவர் ஒரு நாள் மறைத்தார், நான் இரண்டு வருடம் மறைத்தேன். இன்ஸ்பெக்டர் பள்ளிக்கூடத்துப் பெரிய புத்தகத்தில் எழுதிவைத்ததைச் செசிலியா எனக்குப் பிரதி பண்ணித் தந்திருக்கிறாள், அலுமாரியில் குர்ஆனுக்குக் கீழே வைத்திருக்கிறேன், உனக்காக இங்கே எழுதுகிறேன்: “இரண்டாம் வகுப்பில் காது கேளாத மாணவி ஒருத்தி மற்றவர்களோடு சேர்ந்து பயில்கிறாள். அவளுக்காகச் செய்த ஏற்பாடுகள் வகுப்பு முழுவதுக்கும் பயன்பட்டிருக்கின்றன. இது தொடரவேண்டும்.”

வாப்பா பின்னேர ரயிலில் வந்து இறங்குமுன்னே ஸ்டேஷனில் அவருக்குக் கதை போய்விட்டது. மஃரிபுக்குப் பிறகு என் முன்னால் வந்து நின்று, “எனக்கிட்ட செல்லாமத்தானே புள்ளய கூட்டிப் போன” என்றார். ஓம் என்றேன், ஏச்சு வாங்கத் தயாராகத்தான் நின்றேன். அவர், “எல்லாரும் பாத்தீக்கிறாங்க, எனக்கு மட்டுந்தான் பாக்கக் கெடக்கல்ல” என்றார். பிறகு ஹபீலாவின் முன்னால் போய் நிலத்தில் இருந்தார். இவ்வளவு காலமும் அவர் அவளோடு கதைத்ததில்லை மகன், தோளைத் தட்டுவார், கையைக் காட்டுவார், பிஸ்கட் கொடுப்பார், வாயைத் திறந்து ஒரு கதை சொன்னதில்லை, கேட்காத பிள்ளைக்கு என்ன கதை என்றுதான் இருந்தார். அன்றைக்கு வாயைக் குகை மாதிரித் திறந்து, இன்றைக்கு என்ன எழுதினாய் என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டு, அவர் நாடியைப் பிடித்து முகத்தை விளக்குப் பக்கம் திருப்பி, இப்போது சொல்லுங்கள் என்று கையைக் காட்டினாள். அவர் மறுபடி கேட்டார். அவள் முழு வசனத்தையும் தன் பெரிய சத்தத்தில் சொன்னாள், தெருவில் போனவர்களுக்கும் கேட்டிருக்கும். நான் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தவில்லை.

இனித்தான் இன்னொரு புதினம். கலகெதரவிலிருந்து உன் ரபீகா சாச்சி ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்தாள், கூட அவள் மகள் பஸீஹாவும். பஸீஹாவை நீ சின்னப் பிள்ளையாகக் கண்டிருப்பாய், இப்போது பத்து வயது, இரண்டு கால்களும் சூம்பிப்போய் இருக்கின்றன, கையை ஊன்றி நகர்ந்துதான் வீட்டுக்குள் திரிகிறாள், பள்ளிக்கூட வாசலைக் கண்டதில்லை. குர்ஆன் ஓதுவாள், தையல் பழகியிருக்கிறாள், நாக்கு மட்டும் கத்தி. ஹபீலாவின் கதை கேள்விப்பட்ட நாளிலிருந்து, அவளை எடுக்கிற பள்ளிக்கூடம் என்னை எடுக்காதா என்று சாச்சியை நித்திரை கொள்ளவிடவில்லையாம். நம் வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்றேன். அவ்வளவு தூரம் எப்படிப் போவாள் என்று சாச்சி கேட்டபோது நானும் யோசித்தேன், பத்து வயதுப் பிள்ளையை எந்த நாளும் யார் தூக்குவது. உன் வாப்பா தேத்தண்ணீர்ப் பீரிஸைக் கீழே வைத்துவிட்டு, “காலத்தால பாண் குடுத்து முடிஞ்சா வண்டில் சும்மாதானே ஈக்கி. நானே தள்ளிட்டுப் போறன்” என்றார். பசாரில் ஆட்கள் பார்ப்பார்களே என்று சாச்சி சொன்னதற்கு, பார்க்கட்டுமே என்றார். ஹபீலாவைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிவாசல் கந்தூரிக்குப் போகவும் கூச்சப்பட்ட மனிதர். திங்கட்கிழமை பின்னேரம் முழுக்கப் பாண் வண்டிலின் மூடியைக் கழற்றி, உள்ளே பலகை அடித்து, பழைய மெத்தைத் துண்டை வைத்துத் தைத்தார். பள்ளிக்கூட வாசலில் இரண்டு படி இருக்கிறதல்லவா, விவேகானந்தன் வாத்தியார் தாமே அளவு நாடாவோடு வந்து வண்டிலின் சக்கரத்தை அளந்துகொண்டு போனார், படிக்கு மேல் சரிவாகப் பலகை போடப்போகிறாராம். வருகிற திங்கள் அவள் போகிறாள். பெயரை ஏற்கெனவே எழுதியாயிற்று, மையில்தான். பயமும் இல்லாமல் இல்லை, பத்து வயதில் போய் முதலாம் வகுப்பில் சின்னப் பிள்ளைகளோடு இருக்கவேண்டும், அவள் நாக்குக்கு ஆசிரியர்கள் ஈடுகொடுக்கவேண்டும், செசிலியாவுக்கு மாற்றல் வந்துவிட்டால் என்ன செய்வது என்றும் யோசிக்கிறேன். அதற்காகத்தான் மற்ற ஆசிரியர்களும் போன சனிக்கிழமையிலிருந்து செசிலியாவிடம் வந்து கேட்டுப் பழகுகிறார்கள், அவர்களை அதற்குப் பிடித்து இருத்தியதும் பெரிய வாத்தியார்தான்.

தாள் முடிகிறது மகன். தொழுகையை விடாதே, நோன்புக்கு இன்னும் மூன்று கிழமைதான், ஸஹருக்கு எழும்பாமல் நோன்பு பிடித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. மழையில் தலையை நனைக்காதே, நான் நனைந்து மூன்று நாள் தும்மினேன். முதலாளிக்கு எங்கள் சலாம். உன் கையில் பரக்கத்தையும் உன் உடம்பில் சுகத்தையும் உன் மனதில் அமைதியையும் அல்லாஹ் தந்து, உன்னை எங்கள் கண் முன்னால் கொண்டுவந்து சேர்க்கட்டும், ஆமீன்.

ஒன்றை மட்டும் மறக்காதே. நீ எனக்கு எழுதுகிற கடிதத்தின் அடியில், ஹபீலாவுக்கும் என் சலாத்தைச் சொல்லவும் என்று எப்போதும் எழுதுகிறாய், இனி அப்படி எழுதவேண்டாம். அவளுக்கென்று ஒரு கடிதம் தனியாக எழுது, சின்னச் சின்ன வசனமாக, எழுத்தைச் சேர்த்து எழுதாமல் பிரித்துப் பிரித்து எழுது. உறையின் மேல் என் பெயரையும் போடாதே, வாப்பாவின் பெயரையும் போடாதே. ஹபீலா தாஸிம், கெலிஓயா என்று மட்டும் எழுது. தபால்காரர் கொண்டுவந்து அவள் கையிலேயே கொடுக்கட்டும். அவளே பிரித்து வாசிப்பாள்.

என்றும் உன் நினைவோடு,
உன் உம்மா
தா. றம்லத்